குசினிச் சுவரை இடிப்பதற்கு முன்

புதுச்சேரியில் என் வயதுக்காரர்கள் சமையலறையைக் 'குசினி' என்றுதான் சொல்லுவோம். பிள்ளைகளுக்கு அது 'கிச்சன்' ஆகிவிட்டது. குசினி பிரெஞ்சுச் சொல் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் படித்ததெல்லாம் பிரெஞ்சு வழியில் என்பதால் என்னிடம் இதைக் கேட்டவர்களும் உண்டு. பிரெஞ்சில் 'குயிசீன்' என்பார்கள். நம்முடைய குசினி அதற்கும் முன்னால் கப்பலில் வந்த போர்த்துகீசியரின் சொல்லிலிருந்து பிறந்தது. அதனால்தான் பிரெஞ்சுக்காரர் ஆளாத யாழ்ப்பாணத்திலும் இன்றுவரை குசினி என்கிறார்கள்.

கிராமத்து வீட்டில் அது அடுக்களை, அடுப்பங்கரை. கோயிலில் மடைப்பள்ளி. துரை வீட்டில் குசினி, அங்கே சமைப்பவர் குசினிக்காரர். வேலை ஒன்றுதான், சோறு ஆக்குவது. யார் யாருக்காகச் சமைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறியது. பெயர் மட்டுமல்ல, அந்த அறை வீட்டில் எந்த மூலையில் இருக்க வேண்டும், அதற்குச் சுவர் வேண்டுமா வேண்டாமா என்பதும் அதைப் பொறுத்தே மாறியிருக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் பழைய வீட்டின் பின்கட்டுச் சமையலறை 10க்கு 8 அடி. அதைக் கொல்லைப்புறம் நீட்டி, நடுக் கூடத்தோடு சேர்த்து, சமைக்கவும் சாப்பிடவும் பேரப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதவும் ஒரே இடமாக ஆக்கலாம் என்று மகன் சொல்லுகிறான். பொறியாளர் ஒரு வரைபடம் தந்துவிட்டார். மருமகளுக்கு மகிழ்ச்சி. என் மனைவிக்கு முகம் சரியில்லை. "ரிட்டயர்டு ஆனவர், நீங்கதான் சும்மா இருக்கீங்க, என்ன ஏதுன்னு படிச்சுப் பாருங்களேன்" என்று வேலையை என்னிடம் தள்ளினார்கள். படித்தேன். வரைபடத்தில் இருக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் ஒரு சரித்திரம் இருப்பது தெரிந்தது.

சுவர் எதற்காக இருந்தது

நம் ஊர் வெள்ளைக்காரத் தெருக்களில் உள்ள பழைய பங்களாக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தெருவை ஒட்டி உயர்ந்த மதில், உள்ளே முற்றம், தூண் வைத்த வராந்தா, பெரிய சாலை. குசினி மட்டும் அந்தக் கட்டடத்தில் இருக்காது. முற்றத்தின் பின்கோடியில், சாமான் அறைக்கும் வேலைக்காரர் அறைக்கும் பக்கத்தில் தனியாக நிற்கும். புகையும் வெக்கையும் வாடையும் எசமானர் பக்கம் வரக்கூடாது. சமைப்பவர் முகமும் அங்கே தெரிய வேண்டியதில்லை. சாப்பாடு மட்டும் முற்றத்தைக் கடந்து வரும்.

தமிழர் வீடுகளில் வேறு கணக்கு. திண்ணை, நடை, முற்றம், தாழ்வாரம், கூடம், அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டில் அடுக்களை. இங்கே சமைத்தது கூலிக்கு வந்தவர் இல்லை, வீட்டுப் பெண்கள். ஆனாலும் தூரம் அதேதான். விறகடுப்புப் புகை ஒரு காரணம். வெளி ஆண்கள் வந்து உட்காரும் இடத்திலிருந்து பெண்கள் மறைவாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. மடி, ஆசாரம், தீட்டு என்று யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்ற சட்டமும் அந்த நிலைப்படியில்தான் இருந்தது.

ஆக, இரண்டு பக்கமும் அந்தச் சுவரைத் தாங்கி நின்றவை இரண்டு. ஒன்று புகை. மற்றது அந்தஸ்து. புகையை விரட்ட வழி கண்டுபிடித்த பிறகும் இரண்டாவது காரணம் சுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

பாரீசுக்கு நடந்த தூரம்

பிரான்சில் போலெத் பெர்னேழ் என்றொரு அம்மையார் இருந்தார். வீட்டு வேலையைத் தொழிற்சாலை வேலை போல அளந்து ஒழுங்குபடுத்த வேண்டும் என்று 1920களில் இயக்கமே நடத்தியவர். 1928இல் அவர் எழுதிய ஒரு சிறு நூலின் தலைப்பு, 'பெண்கள் வீடு கட்டினால்' என்று பொருள்படும். குசினிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே உள்ள தூரத்தை ஒரு பெண் ஆயுளில் எத்தனை முறை கடக்கிறாள் என்று கணக்குப் போட்டு, வீடு கட்டும் ஆண்களிடம் காட்டினார்.

முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பேரேடு எழுதிய கை சும்மா இருக்குமா? நானும் எங்கள் வீட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய அமைப்பில் அடுப்படியிலிருந்து அப்பா சாப்பிட உட்காரும் தாழ்வாரம் வரை டேப் பிடித்து அளந்தால் 14 மீட்டர். போக வர 28. காலைக் காபி முதல் இராத்திரிச் சாப்பாட்டு எச்சில் எடுப்பது வரை ஒரு நாளைக்கு 20 நடை என்பது குறைத்துச் சொல்லும் கணக்கு. அப்படியே வைத்துக்கொண்டாலும் நாளைக்கு 560 மீட்டர். வருஷத்துக்கு 204 கிலோமீட்டர். அம்மா அந்தக் குசினியில் இருந்தது 40 வருஷம். மொத்தம் 8,000 கிலோமீட்டருக்கு மேல்.

புதுச்சேரியிலிருந்து பாரீசு நேர்கோட்டில் கிட்டத்தட்ட அதே 8,000 கிலோமீட்டர்தான்.

எங்கள் உறவில் சொல்தாவாகப் பிரான்சுக்கும் சைகோனுக்கும் போனவர்கள் உண்டு. பென்சன் வாங்கினவர்கள் உண்டு. அம்மா திண்டிவனம் தாண்டினதே இரண்டு மூன்று தடவைதான். கணக்குப்படி பார்த்தால் கையில் குழம்புச் சட்டியோடு பாரீசு வரைக்கும் நடந்திருக்கிறார். அந்தக் காகிதத்தை மருமகளிடம் காட்டினேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "மாமா, இதைப் பொறியாளர்கிட்டயும் காட்டுங்க" என்றாள்.

கப்பல் அடுப்படியும் ரயில் அடுப்படியும்

பெர்னேழுக்கும் முன்னோடிகள் அமெரிக்காவில் இருந்தார்கள். அடிமைகளின் துயரத்தை 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலில் எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவரும் அவருடைய அக்கா காதரின் பீச்சரும் சேர்ந்து 1869இல் வீட்டு நிர்வாகம் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார்கள். வேலைக்காரர் இல்லாமலே ஒரு குடும்பம் நடக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நீராவிக் கப்பலில் ஒரு சின்ன அறையில் நின்றுகொண்டு சமையல்காரர் இருநூறு பேருக்குச் சமைக்கவில்லையா, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தானே என்று யோசித்து, காதரின் ஒரு சமையலறைத் திட்டம் வரைந்தார். சன்னலுக்குக் கீழே நீளமான மேடை, மாவுக்கும் தானியத்துக்கும் அதனடியிலேயே பெட்டிகள். அடுப்பு மட்டும் தனி இடத்தில். நடுவே கண்ணாடி பதித்த இழுப்புக் கதவு. வெளிச்சம் வரும், வெக்கையும் வாடையும் வராது. இந்தக் கண்ணாடிக் கதவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1912இல் கிறிஸ்டின் பிரெடரிக் என்பவர் ஒரு பெண்கள் பத்திரிகையில் தொடர் கட்டுரைகள் எழுதினார். தொழிற்சாலையில் தொழிலாளி எத்தனை முறை குனிகிறான், நடக்கிறான் என்று டெய்லர் அளந்த அதே முறையில் இவர் சமையலை அளந்தார். பாத்திரங்கள் தப்பான இடத்தில் இருந்தால் காலடிக் கோடுகள் சிக்கல் விழுந்த நூல்கண்டு போலக் குறுக்கும் நெடுக்கும் ஓடும். சரியான வரிசையில் இருந்தால் ஒரே ஓட்டமாகப் போகும். எடுப்பது, நறுக்குவது, வேகவைப்பது, பரிமாறுவது, கழுவுவது, திரும்ப வைப்பது. இந்த வரிசையில் சாமான்கள் இருக்க வேண்டும் என்பது அவர் கண்ட சூத்திரம்.

அந்தப் புத்தகத்தை ஜெர்மன் மொழிபெயர்ப்பில் படித்தவர்களில் ஒருவர், ஆஸ்திரியாவின் முதல் பெண் கட்டடக் கலைஞர்களில் ஒருவரான மார்கரெட்டெ ஷூட்டெ லிஹோட்ஸ்கி. முதல் உலகப் போருக்குப் பின் பிராங்பர்ட் நகரில் தொழிலாளருக்காக ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டினார்கள். அவற்றுக்கான சமையலறையை 1926இல் இவர் வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். நம் கணக்கில் சுமார் ஆறேகால் அடிக்குப் பதினோரு அடி. ரயில் சாப்பாட்டுப் பெட்டியின் அடுப்படிதான் மாதிரி. சன்னலோரம் நறுக்கும் பலகை, உட்கார்ந்து வேலை செய்ய ஒரு சுழல் நாற்காலி, மடக்கி வைக்கும் இஸ்திரிப் பலகை. அரிசி, பருப்பு, சர்க்கரைக்கு வரிசையாக அலுமினிய இழுப்பறைகள். இழுத்து அப்படியே சாய்த்துக் கொட்ட அவற்றுக்கு மூக்கு இருந்தது. அஞ்சறைப் பெட்டி வைத்துப் பழகிய நம் பெண்களுக்கு அதன் அருமை சொல்லாமலே விளங்கும். இப்படிப் பத்தாயிரம் சமையலறைகள் அங்கே அமைக்கப்பட்டன. இன்று கடைகளில் 'மாடுலர் கிச்சன்' என்று விற்பதற்கெல்லாம் பாட்டி இதுதான்.

இந்த அம்மையார் பின்னாளில் நாஜிகளை எதிர்த்த இயக்கத்தில் சேர்ந்து, 1941இல் வியன்னாவில் பிடிபட்டு, 15 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். போர் முடியும் தறுவாயில் விடுதலையானார். 103ஆவது பிறந்த நாளுக்கு ஐந்து நாள் முன்னால், 2000ஆம் ஆண்டு சனவரியில் இறந்தார்.

அவர் சமையலறையில் குறை இல்லாமல் இல்லை. நடை குறைந்தது, ஆனால் இன்னொருவர் உள்ளே வந்து நிற்க இடமில்லை. மகள் வந்து வெங்காயம் உரிக்க முடியாது. கணவர் எட்டிப் பார்த்து ஒரு தட்டுக் கழுவ முடியாது. இழுப்புக் கதவைத் திறந்தால் கூடத்தில் விளையாடும் குழந்தை கண்ணில் படும், அவ்வளவே. பெண்ணின் கால்வலியைக் குறைக்க வந்த அறை அவளைத் தனியாளாக்கிவிட்டது என்று பின்னால் வந்த பெண்களே குறை சொன்னார்கள்.

சுவர் இறங்கியது

அமெரிக்காவில் 1930களின் பொருளாதார நெருக்கடியில் நடுத்தரக் குடும்பங்களுக்கு வேலைக்காரர் வைக்க முடியாமல் போனது. வீட்டுக்காரியே சமைத்து, அவளே விருந்தினரோடு பேசி, அவளே குழந்தையையும் பார்க்க வேண்டும் என்றானபோது பின்கட்டுக் குசினி பொருந்தவில்லை. கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்ட் ரைட், மேடிசன் நகரில் ஜேக்கப்ஸ் என்ற பத்திரிகையாளர் குடும்பத்துக்கு 1937இல் ஒரு வீடு கட்டி முடித்தார். அவருடைய கட்டணமும் சேர்ந்து மொத்தச் செலவு 5,500 டாலர். அதில் சமையலறைக்கு அவர் வைத்த பெயர் 'வேலையிடம்'. அதை வீட்டின் மத்தியில் வைத்து, சாப்பிடும் மூலையையும் கூடத்தையும் பார்த்துத் திறந்துவிட்டார். புகைக்கும் வாடைக்கும் வழி? அந்த இடத்தின் கூரையை மட்டும் மற்ற இடங்களைவிட உயர்த்தி, மேலே காற்றுப் போக்கு வைத்தார். சூடான காற்று மேலே போவது இயற்கை. அறையே புகைபோக்கியாக வேலை செய்தது.

ரைட்டுக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு இருப்பதைச் சொல்லாமல் போகக்கூடாது. தோக்கியோ இம்பீரியல் ஓட்டல் கட்டும்போது ரைட்டிடம் வேலை பார்த்த அந்தோனின் ரேமண்ட் என்பவர்தான், ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை வடிவமைத்தவர். 1930களின் பிற்பகுதியில் தொடங்கி 40களில் முடிந்த கட்டடம். முகப்பு முழுவதும் மேலும் கீழும் திருப்பக்கூடிய பலகைகள், உள்ளே அறைகளுக்குக் காற்றுப் புகும் தேக்கு இழுப்புக் கதவுகள். வெயிலும் மழையும் வராமல் கடற்காற்று மட்டும் வரும். மின்விசிறியை நம்பாமல் காற்றை எப்படி வரவழைப்பது என்று தெரிந்துகொள்ள நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை, அந்தத் தெரு வரைக்கும் நடந்தால் போதும்.

பிரான்சில் சுவரை இறக்கியவர் ஷார்லொத் பெரியாந். இருபத்து நாலு வயதில் லெ கொர்புசியேயிடம் வேலை கேட்டுப் போனபோது, இங்கே நாங்கள் மெத்தைக்குப் பூப்போடுவதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினாராம். பிறகு அவருடைய வேலையைக் கண்காட்சியில் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். நம் நாட்டில் சண்டிகரைத் திட்டமிட்டவர் என்ற அளவில் லெ கொர்புசியேயை எல்லோருக்கும் தெரியும். 1952இல் மார்செயில் அவர் கட்டி முடித்த பெரிய குடியிருப்பில் 337 வீடுகள். அவற்றின் சமையலறை அமைப்பு பெரியாந் செய்தது. குசினிக்கும் கூடத்துக்கும் நடுவே சுவருக்குப் பதிலாக இடுப்பளவு மேடை. அதன் அடியில் இரண்டு பக்கமும் திறக்கும் அலமாரி. இந்தப் பக்கம் கழுவி வைத்த தட்டை அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் எடுத்துக்கொள்ளலாம். சமைப்பவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்காமல், சாப்பிடுபவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே வேலை செய்யலாம்.

அதே காலத்தில் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிறு வீடுகள் மன்றம் ஒரு விதியைப் பரப்பியது. அடுப்பு, கழுவும் தொட்டி, குளிர்பெட்டி மூன்றையும் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். ஒவ்வொரு பக்கமும் 4 அடிக்குக் குறையக்கூடாது, 9 அடிக்கு மிகக்கூடாது. மூன்றும் சேர்ந்து 26 அடிக்குள் இருக்க வேண்டும். இன்று நம் ஊர்ப் பொறியாளர்கள் சொல்வதும் இதைத்தான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அந்த முக்கோணத்துக்குள் நிற்பதாக அவர்கள் நினைத்தது ஒரே ஓர் ஆள்.

நம் வீடுகளில் புகை போனது

நம் நாட்டில் சுவர் இறங்க நாளாயிற்று, ஏனென்றால் புகை போக நாளாயிற்று. அம்மா காலத்துக் கொடியடுப்பில் சவுக்கு விறகு. மழைக்காலத்தில் ஈரவிறகை ஊதுகுழல் வைத்து ஊதி ஊதிக் கண் சிவந்துவிடும். சுவரெல்லாம் கரி. பரணில் கைவைத்தால் ஒட்டடை. அந்த அடுப்பைக் கூடத்தில் கொண்டுவந்து வைக்க யார் சம்மதிப்பார்கள்?

1950களில் பம்பாயில் சமையல் எரிவாயு விற்பனைக்கு வந்தது. 1965இல் கல்கத்தாவில் இண்டேன் தொடங்கியது. பிரெஷர் குக்கர் 1959 வாக்கில் இந்தியக் கம்பெனிகளின் தயாரிப்பாக வந்தது. எங்கள் வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்தது 1979இல்தான், அதுவும் பதிவு செய்து வருஷக்கணக்கில் காத்திருந்து. பிறகு மிக்சி, கிரைண்டர், குளிர்பெட்டி ஒவ்வொன்றாக வந்தன. அம்மி கொல்லைக்குப் போனது. உட்கார்ந்து செய்த சமையல் நின்றுகொண்டு செய்யும் சமையலாயிற்று. புகை போய் நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் எங்கள் வீட்டுச் சுவர் அப்படியே நின்றது. முன்னால் சொன்ன இரண்டாவது காரணம்தான் அதற்குப் பதில்.

வீட்டுக்காரியின் ஆட்சேபணை

இவ்வளவையும் நான் ஓர் இராத்திரிச் சாப்பாட்டின்போது விளக்கிச் சொன்னேன். சுவர் போவது நல்லதுதான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அப்போதுதான் என் மனைவி வாயைத் திறந்தார்.

"எல்லாம் சரிங்க. இந்த வீட்டுல எனக்குன்னு கதவு சாத்திக்க இருந்தது அந்த ஒரு எடம்தான். உங்க அம்மாவும் நானும் சண்டை போட்டதும் அங்கதான், சிரிச்சதும் அங்கதான். எங்கப்பா செத்த சேதி வந்தப்ப விருந்தாளிங்க கூடத்துல உக்காந்திருந்தாங்க. நான் அங்க நின்னுதான் அழுதேன். சுவரை எடுத்துட்டா அப்புறம் காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் நாலு பேரு பாக்க நின்னு சமைக்கணும். மேடை துடைக்கலன்னா வர்றவங்க பாப்பாங்க. யாரு துடைப்பா?"

நான் படித்ததில் ஒருவரும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. சுவர் பெண்ணை ஒதுக்கி வைத்தது உண்மை. அதே சுவர் அவளுக்கு ஒரு மறைவும் கொடுத்தது. வேலையைப் பங்கிடாமல் சுவரை மட்டும் எடுத்தால், முன்பு மறைவில் தனியாக உழைத்தவள் இனிமேல் எல்லார் கண்முன்னே தனியாக உழைப்பாள். நடந்த மாற்றம் அவ்வளவுதானாக இருக்கும்.

மருமகள் மறுத்துப் பேசவில்லை. "அத்தை சொல்றது சரி. ஆனா எனக்கு ஆபீஸ் விட்டு வந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்க முடியல. பிள்ளைங்க முகத்தைப் பாக்கறதே அந்த ஒரு மணி நேரந்தான்" என்றாள். அதுவும் சரிதான்.

பொறியாளரின் வரைபடத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு நாலு பேரும் உட்கார்ந்தோம். மூன்று மாலை ஆயிற்று. முடிவானவற்றை இங்கே எழுதுகிறேன், இதே யோசனையில் உள்ளவர்களுக்குப் பயன்படலாம்.

முதலாவது, பழைய சுவர். பழைய புதுச்சேரி வீடுகளில் உள்சுவரும் பாரம் தாங்கும் சுவர். மேலே தேக்கு உத்தரமும் மெட்ராஸ் தளமும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. முழுச் சுவரையும் எடுக்காமல், முட்டுக்கொடுத்து, மேலே இரும்பு உத்தரம் கொடுத்து ஏழடி அகலத்துக்குத் திறப்பு மட்டும் வைக்கிறோம். திறப்பில் காதரின் பீச்சர் சொன்ன கண்ணாடி இழுப்புக் கதவு. வேண்டும்போது திறந்திருக்கும். மனைவி சாத்த நினைத்தால் சாத்தலாம். கீழ்ப்பாதிக் கண்ணாடி தெளிவாக இல்லாமல் மங்கலாக இருக்க வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

இரண்டாவது, அடுப்பு. அடுப்பைப் பார்த்தபடி நின்றால் திறப்பு இடது கைப்பக்கம் வரும்படி வைத்தோம். முதுகு கூடத்துக்கு இல்லை. நடுவில் பெரியாந் பாணியில் ஒரு மேடை. அதற்கும் அடுப்பு மேடைக்கும் இடையே பொறியாளர் மூன்றடி விட்டிருந்தார். ஒருவர் வேலை செய்ய மூன்றரை அடி வேண்டும், இருவர் ஒருவரையொருவர் இடிக்காமல் கடக்க நாலடி வேண்டும். நாலடி என்று மாற்றினோம். முக்கோணம் 18 அடியில் அடங்கிவிட்டது.

மூன்றாவது, மேடை உயரம். அடுப்பு மேடை மனைவியின் முழங்கைக்கு ஐந்து அங்குலம் தாழ்வாக, 32 அங்குலம். நடு மேடை மகனையும் மருமகளையும் நினைத்து 35. ஒரு சுழல் நாற்காலி பிராங்பர்ட் அம்மையார் நினைவாக. முழங்கால் வலிக்காரர் கீரை ஆய உட்கார வேண்டும் அல்லவா?

நான்காவது, மீன். மீன் ஆய்வதையும் வஞ்சிரம் பொரிப்பதையும் கூடத்துக்குக் கொண்டுவர எந்தப் புத்தகமும் நமக்கு வழி சொல்லாது. கொல்லைப் பக்கம் ஓடு வேய்ந்த ஐந்தடி இடம் விட்டு, அங்கே தாழ்வான தொட்டி, அரிவாள்மணை போட ஒரு திட்டு, ஒற்றை அடுப்பு. எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது. மத்தியானக் கடற்காற்று வாசல் வழியாக வந்து கொல்லை வழியாகப் போகும், வாடையையும் எடுத்துக்கொண்டு போகும். குசினிக் கூரையைக் கூடத்தைவிட இரண்டடி உயர்த்தி மேலே திருப்பு பலகைச் சன்னல் வைக்கிறோம். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே வெளிச்சுவரில் தரையை ஒட்டியும் ஒரு காற்றுத் துளை. மேலே வைத்தால் போதும் என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஐந்தாவது என்னுடைய யோசனை. அரசு அலுவலகத்தில் ஒரு பிரிவு புதிதாகத் தொடங்கினால் மேசை நாற்காலி போடுவதற்கு முன்னால் பணிப் பங்கீட்டு ஆணை போடுவார்கள். எந்தக் கோப்பு யார் மேசைக்கு என்று அதில் இருக்கும். அதைப் போல வரைபடத்தின் மேலேயே பென்சிலால் பெயர் எழுதினோம். அடுப்பில் காலையில் யார், இரவில் யார். நறுக்கும் மேடையில் யார். பாத்திரத் தொட்டியில் யார். மேடை துடைப்பது யார். என் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது, இராத்திரித் தொட்டியிலும் காலைக் காபியிலும். மகன் பெயர் மூன்று இடத்தில். பேரன் பெயர் தண்ணீர்க் குவளைகளுக்குப் பக்கத்தில்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வேலை நடக்கப்போகிறதென்றால், கருங்கல் நிறத்தையும் அலமாரிக் கைப்பிடியையும் பார்க்கப் போவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். எழுதி முடித்துவிட்டு எண்ணிப் பாருங்கள். ஒரே பெயர் எல்லா இடத்திலும் வந்தால் கொத்தனாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். முதலில் பெயர்களை மாற்றுங்கள், சுவரை அப்புறம் இடிக்கலாம்.